பிளான் சித்தர் சிலிர்க்கிறார்

திருவண்ணாமலைக்குச் சித்தர்கள் புதிதல்ல. மழை வரவழைக்கிற சித்தர், மூலிகை கொடுக்கிற சித்தர், பேசாமலே உட்கார்ந்திருக்கிற சித்தர் என்று எல்லா ரகத்தையும் பார்த்த ஊர். ஆனால் மாடி கட்ட அனுமதி வாங்கித் தருகிற சித்தர் போன வருஷம்தான் அவதரித்தார்.

வேங்கிக்காலில், புது மனைகளுக்கு நடுவே தகரக் கூரை போட்ட ஒரு கூடம். வாசலில் செருப்புக் குவியல். காரில் வந்தவர், மொபெட்டில் வந்தவர், ஷேர் ஆட்டோவில் வந்தவர் என்று எல்லார் கையிலும் சுருட்டிய வீட்டு வரைபடம். மேலே ஃப்ளெக்ஸ் பேனர்: "ஸ்ரீலஸ்ரீ பிளான் சித்தர். வரைபட தோஷ நிவர்த்தி. அனுமதி வரும் நாள் முன்கூட்டியே அருளப்படும்." கீழே சிறிய எழுத்தில்: "சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் அருள்வாக்கு இல்லை."

அருளுக்கும் அரசாங்கத்துக்கும் ஒரே நாளில் எப்படி லீவு விடுகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

சித்தரின் பூர்வாசிரமப் பெயர் கண்ணாயிரம். தரை ஓடு விற்றார், ஓடவில்லை. மனை புரோக்கராக இருந்தார், அதுவும் ஓடவில்லை. அதன்பிறகு தாடி வளர்த்தார். தாடி நன்றாக ஓடியது.

பூஜை முறை எளிது. பக்தர் வரைபடத்தைக் காலடியில் வைப்பார். சித்தர் பலகையில் சம்மணமிட்டுக் கண்ணை மூடுவார். கூடம் காத்திருக்கும். திடீரென்று அவர் இடுப்பு ஒரு வெட்டு வெட்டும். "ஹூம்!" என்று உடம்பே சிலிர்க்கும். "வந்துட்டாரு! வந்துட்டாரு!" என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். சித்தர் எழுந்து திரைக்குப் பின்னால் போய் 'உத்தரவு' வாங்கிவிட்டு வெளியே வருவார்.

"கலீல் பாய் வந்திருக்காரா? உன் பெயிண்ட் கடை மாடிக்கு மேலிடத்துல கையெழுத்து ஆயிடுச்சு. நாளைக்குப் போய்ப் பாரு."

கலீல் ரஹ்மான் மறுநாள் போய்ப் பார்த்தார். அனுமதி வந்திருந்தது. கட்டட அனுமதி விஷயத்தில் நம் மக்களுக்குள் மத வேறுபாடே கிடையாது.

கூட்டத்திலேயே பெரிய பக்தர் அப்பாதுரை. செங்கம் ரோட்டில் லாட்ஜ் வைத்திருப்பவர். சித்தருக்குச் சம்பளம் வாங்காத விளம்பரப் பிரிவு.

"வெள்ளிக்கிழமை வரும்னாரு. வெள்ளிக்கிழமையே வந்துச்சுங்க! அதுக்கு இன்னா சொல்றீங்க?" என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையில் அவருடைய அனுமதி வியாழக்கிழமை மாலையே வந்துவிட்டது. அவருக்குத்தான் தெரியாது. ஏன் தெரியாது என்பதில்தான் தொழில் ரகசியமே இருந்தது.

சித்தரை நாடுகிறவர்கள் எல்லாரும் பக்கத்து பிரவுசிங் சென்டரில்தான் விண்ணப்பம் போட வேண்டும் என்பது ஐதீகம். சென்டர் நடத்துபவன் கோபி. சித்தரின் மச்சான். "வேற இடத்துல போட்டா தீட்டு" என்று அருள்வாக்கு இருந்தது. இன்டர்நெட்டுக்கும் தீட்டு உண்டு என்று கண்டுபிடித்த பெருமை நம் மாவட்டத்துக்கே சேரும்.

இந்த ஐதீகத்தில் சிக்கியவள்தான் பாஞ்சாலை.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம் இட்லிக் கடை வைத்திருப்பவள். சொந்த இடம், ஆனால் கடைக்கு மட்டும்தான் போதும். குடியிருப்பது வாடகை வீட்டில். ஆனி மாதத்துக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கடைக்கு மேலே இரண்டு அறை கட்டிக்கொண்டு தானும் மகளும் குடியேறிவிட வேண்டும் என்று சீட்டுப் பணத்தை எடுத்து வைத்திருந்தாள். கட்டித்தர ஒப்புக்கொண்டவர் ஜெயமதி. ஊரில் பல வீடுகள் கட்டிக்கொடுத்த இன்ஜினியர். பரம்பரையாக இந்தப் பக்கத்து ஜைனக் குடும்பம்.

"விண்ணப்பத்த நானே போட்டுத் தரேன்க்கா" என்றார் ஜெயமதி.

"வேணாம்மா. சித்தர்கிட்டப் போட்டாதான் சீக்கிரம் வருதாம். அந்த லாட்ஜ்காரரு சொன்னாரு."

வரவில்லை. ஒரு மாதம் போயிற்று. அடுத்ததும் போயிற்று. பாஞ்சாலை வாரா வாரம் போய் உட்கார்ந்தாள். சித்தர் சிலிர்த்தார். திரைக்குப் பின்னால் போய் வந்தார். முகத்தைச் சுளித்தார்.

"ஈசானிய மூலையில பாரம் உக்காந்துனு இருக்குது. அங்க இன்னா வெச்சிருக்கே?"

"படிக்கட்டு சாமி. மொட்டை மாடிக்குப் போற படி."

"அதான் அடைக்குது! மலையோட பார்வை உன் வீட்டுமேல விழாம மறைக்குது. இடிச்சுடு. பரிகார ஹோமத்துக்கு கோபியப் பாரு."

பாஞ்சாலை படிக்கட்டை இடித்தாள். ஹோமத்துக்கு அவளால் முடிந்ததைக் கொடுத்தாள். அது போதாது என்று கோபி உதட்டைப் பிதுக்கினான். அதன்பின் மாடியில் வடகம் காயவைக்க மூங்கில் ஏணிதான். பௌர்ணமிக்கு முந்தின நாள் ஏணி வழுக்கியது. வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. கார்த்திகை தீபத்துக்கு அடுத்தபடியாக வியாபாரம் ஜாஸ்தியாக நடக்கும் சித்ரா பௌர்ணமிக்கு, லட்சம் கால்கள் கடை வாசலைக் கடந்து போக, அடுப்பு பற்றவைக்காமல் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

மலையின் பார்வை மட்டும் தடையில்லாமல் விழுந்துகொண்டிருந்தது.

விஷயம் தெரிந்து வந்த ஜெயமதி, படிக்கட்டு இருந்த இடத்தைப் பார்த்தார்.

"ஏன்க்கா இடிச்சீங்க? என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"சாமி சொல்லிட்டாரும்மா. நீ இன்னா, வேணான்னு சொல்லுவே."

"ஆபீஸ்லேர்ந்து மெசேஜ் ஏதாவது வந்துச்சா?"

"ஒண்ணுமே வரல. போன் எப்பவும் கல்லாப்பெட்டி மேலதான் கெடக்கும்."

ஜெயமதி நேரே அனுமதி கொடுக்கிற அலுவலகத்துக்குப் போனார். அங்கே மாயம் மந்திரம் எதுவுமில்லை. கம்ப்யூட்டர் முன்னால் கண்ணாடி போட்ட ஒரு அலுவலர் இருந்தார்.

"பாஞ்சாலைதானே? பட்டா நகல் தெளிவா இல்ல, வேற போடுங்கன்னு மெசேஜ் போச்சு. பதில் இல்ல. இடத்தப் பாக்க வரோம்னு மெசேஜ் போச்சு. அதுக்கும் பதில் இல்ல. நானே நேர்ல போனேங்க. கடை பூட்டியிருந்துச்சு. போன் பண்ணா எடுக்கல. பிளான்ல படிக்கட்டுனு போட்டிருக்கீங்க, அங்க படிக்கட்டே இல்ல! நான் இன்னாதான் பண்றது? விண்ணப்பத்த தள்ளுபடி பண்ணிட்டோம்."

"மெசேஜே வரலங்கறாங்களே சார்."

"எந்த நம்பரக் கொடுத்தாங்களோ அந்த நம்பருக்குப் போயிருக்குது."

ஜெயமதி அங்கேயே தன் செல்போனில் இணையதளத்தைத் திறந்து, பாஞ்சாலையின் விண்ணப்ப எண்ணைப் போட்டுப் பார்த்தார். உள்ளே போக ஓ.டி.பி. அனுப்பவா என்று கேட்டது. கூடவே, அது போகப்போகிற செல்போனின் கடைசி எண்கள் மட்டும் தெரிந்தன. பாஞ்சாலையின் எண் அல்ல.

கோபிதான் தன் நம்பரைப் போட்டு வைத்திருக்கிறான் என்று முடிவு கட்டினார் ஜெயமதி. பாஞ்சாலையையும் அழைத்துக்கொண்டு வேங்கிக்காலுக்குப் போனார்.

அன்று செவ்வாய்க்கிழமை. கூடம் நிரம்பி வழிந்தது. கோபி சித்தரின் பக்கத்தில் நின்று விபூதித் தட்டு ஏந்திக்கொண்டிருந்தான். ஜெயமதி கூட்டத்தோடு உட்கார்ந்தார். இவன் சட்டைப் பையில் சத்தம் கேட்கட்டும், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று நினைத்து, செல்போனில் 'ஓ.டி.பி. அனுப்பு' என்பதை அழுத்தினார்.

கோபியின் பையில் சத்தமே இல்லை.

பலகையில் இருந்த சித்தரின் இடுப்பு ஒரு வெட்டு வெட்டியது. "ஹூம்!"

"வந்துட்டாரு!" என்று கூடம் எழுந்து கும்பிட்டது.

ஜெயமதி விழித்தார். தற்செயலாக இருக்கலாம். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி அழுத்தினார்.

"ஹூம்!"

இன்னொரு முறை.

"ஹூ... ஹூம்!"

ஜெயமதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இறைவன் கட்டைவிரல் தூரத்தில் இருக்கிறான் என்பதை அன்றைக்கு நேரில் கண்டவர் அவர் ஒருவர்தான். பக்கத்தில் திரும்பிப் பாஞ்சாலையின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. எழுந்தார்.

"சாமி, ஒரு சந்தேகம்."

"கேளு தாயி."

"உங்களுக்கு அருள் எங்கேருந்து வருது?"

"மலை உச்சியிலேர்ந்து."

"நான் சொல்ற நேரத்துக்கு வருமா?"

அப்பாதுரை பாய்ந்தார். "இன்னாம்மா பேசறே? சாமிய சோதிக்கறியா?"

"சாமிய இல்லீங்கண்ணா. உங்களதான். உங்க லாட்ஜ் அப்ளிகேஷன் நம்பர் போன்ல இருக்குதா? இங்க வாங்க. இந்த எடத்துல போடுங்க. நான் சொல்றப்ப இத அழுத்துங்க. கோபி, நீ எங்கயும் போவாத, நில்லு."

சித்தரின் முகம் வெளுத்தது. "தியான நேரமாச்சு" என்று எழப் பார்த்தார்.

"உக்காருங்க சாமி. அருள் வர நேரத்துல எழுந்திருக்கலாமா? அண்ணா, அழுத்துங்க."

அப்பாதுரை நம்பிக்கையோடு அழுத்தினார். சித்தர் பல்லைக் கடித்துப் பார்த்தார். உடம்பு கேட்கவில்லை. சிலிர்த்தது.

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு. அப்பாதுரை தன் விரலைப் பார்த்தார். சித்தரைப் பார்த்தார். மறுபடி விரலைப் பார்த்தார்.

"பாய், நீங்க."

கலீல் ரஹ்மான் தன் எண்ணைப் போட்டு அழுத்தினார். "ஹூம்!" இந்த முறை யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை.

"இப்ப எல்லாரும் போடுங்க. கோபிகிட்ட விண்ணப்பம் போட்டவங்க எல்லாரும்."

கூடமே குனிந்து எண்களைத் தட்டியது. பரீட்சை ஹால் மாதிரி அமைதி. "அழுத்துங்க!"

பிளான் சித்தர் பலகையிலிருந்து துள்ளினார். வலப்பக்கம் நெளிந்தார், இடப்பக்கம் நெளிந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு தேள் கொட்டியவர்போல ஆடினார். காவி வேட்டியின் மடிப்பிலிருந்து கறுப்பாக ஒரு செல்போன் நழுவித் தரையில் விழுந்தது. விழுந்தும் அடங்கவில்லை. கர்ர், கர்ர் என்று வண்டு மாதிரி ஊர்ந்து, அத்தனை பக்தர்களின் ஓ.டி.பி.களையும் திரையில் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டியது.

கோபி கதவுப் பக்கம் நழுவினான். கலீல் ரஹ்மான் அவன் தோளில் கை போட்டு அன்பாக நிறுத்திக்கொண்டார்.

அப்பாதுரை குனிந்து செல்போனை எடுத்தார். பூட்டியிருந்தது. சித்தரின் கையைப் பிடித்து இழுத்து, இத்தனை நாளும் தன் நெற்றியில் விபூதி பூசிய அதே கட்டைவிரலை அதன்மேல் அழுத்தினார். திறந்துகொண்டது. உள்ளே ஊரே இருந்தது. யார் வீட்டுக்கு அனுமதி, யார் கடைக்கு ஆய்வு, யாருடைய காகிதத்தில் குறை என்று அலுவலகம் அனுப்பிய எல்லாச் செய்தியும். நல்ல செய்தியைச் சித்தர் அருள்வாக்காக விற்றார். குறை சொன்ன செய்தியைத் தோஷமாக விற்றார். பரிகாரத்துக்குத் தாராளமாகக் கொடுத்தவர்களின் காகிதக் குறையை மட்டும் கோபி சத்தமில்லாமல் சரிசெய்தான். பாஞ்சாலையைப் போன்றவர்களை அப்படியே போட்டுவிட்டார்கள்.

அப்பாதுரை தன்னுடையதைத் தேடிப் பிடித்தார். "வியாழக்கிழமையே வந்திருக்குதுடா!" என்று கத்தினார்.

"நான் யாரையும் ஏமாத்தல" என்றார் கண்ணாயிரம். சித்தர் பட்டம் அதற்குள் உதிர்ந்துவிட்டது. "வரும்னு சொன்னேன், வந்துச்சா இல்லியா?"

"வந்துச்சு. ஆபீஸ்லேர்ந்து வந்துச்சு. நீ போஸ்ட்மேன் வேல பாத்திருக்கே. அதுவும் லெட்டர ஒளிச்சு வெச்சுக்கற போஸ்ட்மேன்" என்றார் ஜெயமதி.

பாஞ்சாலை இடது கையால் அந்தச் செல்போனை வாங்கினாள். தன் பெயர் இருந்த செய்தியை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பட்டா நகல் தெளிவில்லை. புதிதாகப் பதிவேற்றவும்.

"இவ்ளோதானா?" என்றாள். "ஒரு ஜெராக்ஸ். இவ்ளோதானா கேட்டாங்க?"

அவள் கண்ணாயிரத்துக்கு நேரே போய் நின்றாள்.

"அந்தப் படிக்கட்டு உன்ன இன்னாடா பண்ணுச்சு?"

கண்ணாயிரம் பழக்க தோஷத்தில் திரைக்குப் பின்னால் போகத் திரும்பினார்.

அன்று மாலையே போலீசில் புகார் போனது. மச்சானும் மாமனும் ஒரே வண்டியில் ஏறினார்கள். பிரவுசிங் சென்டர் பூட்டப்பட்டது. பாஞ்சாலைக்குப் புது விண்ணப்பம் போட்டார் ஜெயமதி, பாஞ்சாலையின் சொந்த நம்பரில். படிக்கட்டை மறுபடி கட்டினார்கள், அதே ஈசானிய மூலையில். ஆய்வுக்கு வருகிறோம் என்று செய்தி வந்தது. அலுவலர் வந்தார், ஏறிப் பார்த்தார், சட்னி இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கி இட்லி சாப்பிட்டார், காசு கொடுத்தார், போனார். அனுமதி வந்தது. ஆனி தாண்டிவிட்டது. மாடி முடியும்வரை தாயும் மகளும் கடைக்குள்ளேயே பாய் விரித்துப் படுத்தார்கள். அந்த நாட்களை எந்தப் பரிகாரமும் திருப்பித் தராது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் போன வாரம் அப்பாதுரை ஜெயமதியின் வீட்டுக்கே வந்தார். பவ்யமாக உட்கார்ந்தார்.

"அந்தக் கண்ணாயிரம் பிராடு ஆளும்மா. நல்லா காமிச்சுக் கொடுத்தே."

"சரிங்கண்ணா. இப்ப இன்னா விஷயம்?"

"ஒண்ணுமில்ல... லாட்ஜுக்குப் புதுசா கரண்ட் மீட்டர் கேட்டிருக்கேன். போளூர் ரோட்டுல ஒரு அம்மா எலுமிச்சம்பழத்த மீட்டர் பெட்டி மேல வெச்சுப் பாத்துச் சொல்றாங்களாம். அவங்க பிராடு இல்லேங்கறாங்க. நீ ஒரு எட்டு வந்து பாத்துச் சொல்லேன்."

ஜெயமதி வாயடைத்துப் போனார். நான் அடைக்க மாட்டேன். ஐயா அப்பாதுரை, லாட்ஜில் ஓர் அறை காலியாகக் கிடந்தால் உமக்குத் தூக்கம் வராது. தலை மட்டும் ஏன் வருஷக்கணக்காகக் காலி? அதில் எவன் வேண்டுமானாலும் குடியேறலாம். அதற்கு அவன் எந்த ஆபீசிலும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. நீர் யோசிக்காமல் இருந்தால் போதும்.