ஏழாவது குழி மரம்

"இன்னைக்கு வர்ற விருந்தாளியோட பந்து அந்த மரத்துல ஒரு தடவை பட்டாப் போதும், மரம் காலி! வெட்டுற ஆளுக்குக்கூடச் சொல்லியாச்சு!" என்று மேனேஜர் போனை வைத்துவிட்டார்.

புல்தரைக்காரர் ஏழாவது குழிக்கு ஓடினார். விடுதியின் கோல்ஃப் மைதானத்தை இருபது வருஷமாகப் பராமரிப்பவர் அவர். சுற்றிலும் காடு, நடுநடுவே புல்வெளி, பதினெட்டுக் குழிகள். ஏழாவது குழிக்குப் போகும் வழியில் நிற்கிற மரம் இருக்கிறதே, அதன் அழகைச் சொல்லி மாளாது. நாலு பேர் கைகோத்தாலும் அடங்காத அடிமரம். காலை வெயில் அதற்குள் நுழைந்தால் பச்சையாகத்தான் வெளியே வரும். ஒரே குறை, ஒரு பெரிய கிளை பந்து போகிற பாதைக்குக் குறுக்கே நீண்டிருந்தது. மைதானங்களுக்கு மார்க் போட வரும் விருந்தாளிக்கு அது இடைஞ்சலாம். அந்த விருந்தாளியை இங்கே யாரும் பார்த்ததுகூட இல்லை.

புல்தரைக்காரர் அந்தக் கிளையைக் கயிறு போட்டு மேலே இழுத்துக் கட்டினார். அதன்மேல் சாய்ந்திருந்த இரண்டு கிளைகள் வழுக்கிச் சரிந்து பொத்தென்று பாதையில் தொங்கின.

சரி, பந்து அடிக்கும் இடத்தையே மாற்றிவிடலாம் என்று பத்தடி இடப்பக்கம் தள்ளி வைத்தார். அங்கிருந்து பார்த்தால் கிளை இல்லை. நேரெதிரே அடிமரமே நின்றது.

"ஏழாவது குழி மரம் எதுங்க?"

திரும்பினார். முறுக்கேறிய கைகளோடு ஒருவர்.

"வாங்க சார்! இந்தாங்க மட்டை!"

"நான் மரத்தைப் பார்க்கத்தான்..."

"ஆடிக்கிட்டே பாருங்க சார்!"

வந்தவர் மட்டையைத் தோளுக்கு மேல் ஓங்கி, பந்தைப் பிளப்பதுபோல் ஒரு போடு போட்டார். பந்து மரத்தில் பட்டுத் திரும்பி வந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது, புல்தரைக்காரரின் தொப்பியைத் தட்டிக்கொண்டு போனது. அவருக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"காத்து எந்தப் பக்கம்?" என்றார் வந்தவர்.

"மேற்கே இருந்து சார்."

அவர் மரத்தைத் தட்டிப் பார்த்தார். கையால் சுற்றி அளந்தார். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தார். ஒரு அடிக்கு இவ்வளவு யோசனையா! ஆள் கைதேர்ந்தவர்தான் என்று புல்தரைக்காரர் வாயைப் பிளந்தார்.

வந்தவர் அண்ணாந்தபடியே வெகுநேரம் நின்றார்.

"எத்தனையோ மரம் பார்த்திருக்கேன். இப்படி ஒண்ணு பார்த்ததே இல்ல. இதை வெட்டச் சொன்ன மனுஷனுக்குக் கண்ணு இருக்கா?" என்றவர், மேனேஜர் அறையைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார்.

பத்தே நிமிஷத்தில் போன் வந்தது. "மரம் இருந்துட்டுப் போகட்டும்யா. அவரே வெட்டக் கூடாதுன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறாரு."

புல்தரைக்காரர் மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டார். பந்து ஆடுகிறவர்களில் இப்படியும் ஒரு ரசிகரா!

வாசல் காவலாளி ஒரு பெரிய ரம்பத்தைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"அண்ணே, விருந்தாளி இன்னைக்கு வரலையாம். உங்ககூட ஆடிட்டுப் போனாரே மரம் வெட்டுறவரு, அவரு இதை வாசல்லயே மறந்து வச்சிட்டுப் போயிட்டாரு!"