கண்ணாடிப் பெட்டியில் ஒரு பாளம்

எங்கள் குடும்பத்து மார்பக எக்ஸ்ரே மையத்தைப் போல் தரத்தைப் போற்றிய நிறுவனம் இந்தப் பூமியில் வேறு கிடையாது. இதற்குச் சாட்சியாக, தர ஆய்வு நடந்த அன்று அங்கே இருந்தவர்கள் அனைவரையும் முதலில் குறிப்பிட்டுவிடுகிறேன். தலைவராகிய நான். நிர்வாகியாகிய என் தம்பி. இயக்குநர்களில் ஒருத்தியும் எங்கள் இருவருக்கும் இளையவளுமான தங்கை. படமெடுக்கும் பெண். கதிர்வீச்சை அளந்து பார்க்க அரசு அனுப்பிய இயற்பியலாளர் அம்மாள். இவர்களோடு, வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டியில் வெல்வெட் துணியின் மேல், சோதனைப் பாளம்.

பாளம் என்பது உள்ளங்கை அகல பிளாஸ்டிக் கட்டை. உள்ளே மெல்லிய நார்களும், உப்புத் தூள் போன்ற துகள்களும், சிறு உருண்டைகளும் ஒளிந்திருக்கும். மார்பில் நோய் முளைக்கும்போது படத்தில் தெரியவேண்டிய அடையாளங்களின் நகல்கள் அவை. வாரம் ஒருமுறை பாளத்தை மெஷினில் வைத்துப் படமெடுத்து, எத்தனை தெரிகிறது என்று எண்ண வேண்டும். தெரியாவிட்டால் மெஷினை நிறுத்த வேண்டும். விதி அப்படி.

அம்மாள் கோப்பைப் புரட்டினார். இருநூறு வாரம், இருநூறு படம், எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண்.

"எல்லாப் படத்துலயும் ஒரே இடத்துல ஒரு தலைமுடி கிடக்குதே சார்?"

"ஒழுங்குன்னா அப்படித்தான் மேடம்," என்றான் தம்பி. "எங்ககிட்ட வாரத்துக்கு ஒரு பேச்செல்லாம் கிடையாது."

"இது ஒரே படம். தேதியை மட்டும் மாத்தியிருக்கீங்க."

படமெடுக்கும் பெண் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "பாளத்தைத் தொடவே கூடாதுன்னு சார்தான் சொன்னாங்க. எக்ஸ்ரே பட்டா கெட்டுப்போயிடுமாம்."

"பின்னே? வாராவாரம் கதிர் பட்டா எந்தச் சாமான் தாங்கும்?"

"அப்போ இங்க வர்ற பொம்பளைங்க?"

"அவங்க வருஷத்துக்கு ஒரு தடவைதானே மேடம் வர்றாங்க."

தர்க்கத்தில் என் தம்பியை வெல்ல இன்னும் ஆள் பிறக்கவில்லை.

அம்மாள் கதிர்வீச்சு அளவுமானியை மெஷினில் வைத்தார். விதித்த அளவைப் போல் இரண்டரை மடங்கு காட்டியது.

"படம் மங்கலா வருதுன்னாங்க. கொஞ்சம் கூட்டி வைக்கச் சொன்னேன்," என்றான் தம்பி. "வந்தவங்களுக்குக் குறை வைக்கக் கூடாது பாருங்க."

வீடு தேடி வந்தவர்களிடம் எங்கள் குடும்பம் கை சுருக்கியதே இல்லை. கதிர்வீச்சும் அவ்வாறே தாராளமாகப் பரிமாறப்பட்டது.

பிறகு பெட்டியின் பூட்டைத் திறந்தோம். மெஷின் வந்த நாளுக்குப் பின் முதல்முறையாகப் பாளம் மெஷினுக்குள் போனது. திரையில் சாம்பல் நிறம் விரிந்தது. நார் இல்லை, உருண்டை இல்லை, ஒரு துகள்கூட இல்லை.

"எவ்வளவு க்ளீனா இருக்கு பாருங்க மேடம்," என்றான் தம்பி.

அப்போதுதான் தங்கை வாயைத் திறந்தாள். "சின்னண்ணா, போன மாசம் என் படத்தையும் இதுலதானே எடுத்தீங்க? வலது பக்கம் மட்டும் மூணு தடவை எடுத்துட்டு, ஒண்ணுமில்லைன்னு சொன்னீங்க."

"சொந்த மெஷின் இருக்கறப்ப உன்னை வெளிய அனுப்புவோமா?"

அவள் அம்மாளிடம் திரும்பினாள். "அந்த மாதிரித் துகள் எனக்கு இருந்திருந்தா?"

"இதுல தெரிஞ்சிருக்காதும்மா. உடனே வேற இடத்துல எடுத்துடுங்க. இங்க எடுத்த எல்லாரையுமே திரும்பக் கூப்பிடணும்."

மெஷினை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு அம்மாள் போனார். உடனே இயக்குநர் கூட்டம் கூடியது. மெஷினுக்கு 'ஓய்வு' அளிக்கப்பட்டது. வாசலில் 'வண்ணப்பூச்சு வேலை நடைபெறுகிறது' என்று பலகை மாட்ட முடிவாயிற்று. பழைய ஆட்களைத் திரும்ப அழைத்தால் பெண்களுக்கு 'வீண் பீதி' உண்டாகும் என்பதால், அவர்கள் நலன் கருதி யாரையும் அழைப்பதில்லை என்று தீர்மானித்தோம்.

"நான் மட்டுமாவது வெளிய எடுத்துட்டு வந்துடறேன் பெரியண்ணா," என்றாள் தங்கை.

"நம்ம வீட்டுப் பொண்ணே இன்னொருத்தன் வாசல்ல போய் நின்னா, பார்க்கறவன் என்ன நினைப்பான்?" என்றேன். "மெஷின் சரியாகட்டும். நீதான் முதல் ஆளு."

"எப்போ சரியாகும்?"

"பாகம் வரணும்ல."

என் பேச்சை மீறி அவளுக்குப் பழக்கமில்லை. பாகம் வரப் பதினோரு மாதம் ஆனது.

இப்போது ஒரு வதந்தி உலவுகிறது. என் தங்கை எங்கள் மையத்தை நம்பாமல், இன்னோர் இடத்துக்குப் பரிசோதனைக்குப் போய்க் குடும்ப மானத்தைக் கெடுத்துவிட்டாளாம். தலைவர் என்ற முறையில் இதை வன்மையாக மறுக்கிறேன். அவள் பரிசோதனைக்குப் போகவில்லை. எந்த மெஷினும் தேவைப்படாமல், கட்டி கையிலேயே தட்டுப்பட்ட பிறகு, அறுவைக்குத்தான் போனாள்.