பதிவேட்டில் இல்லாத முதலை

பெருமக்களே! உறங்கியது போதும், எழுந்து வாருங்கள்! இந்த ஏரிக்கரையில் நின்று ஓர் அநீதியைக் கண்ணாரக் காணுங்கள்!

அதோ, ஏரியின் நடுவே நீர்மட்டம் அளக்க நட்ட கல்தூணைக் கட்டிப்பிடித்துத் தொங்குகிறாரே, அவர்தாம் வனவிலங்கு அலுவலகத்தின் தலைமை எழுத்தர். தொப்பை கரைய நீந்துங்கள் என்றார் மருத்துவர், இவரும் இறங்கினார். இப்போது அவருக்கும் கரைக்கும் நடுவே இரண்டு கண்களும் ஒரு மூக்கும் மிதக்கின்றன. அது முதலை. தூணோ பாசி படிந்தது. அங்குலம் அங்குலமாக அவர் சறுக்கிக்கொண்டிருக்கிறார்.

கரையில் துண்டும் கைபேசியுமாக மனைவி.

"என்னங்க, உங்க ஆபீஸுக்கே போன் போடுறேன்! முதலை பிடிக்கிற வண்டி இருக்குல்ல?"

"போடு! ஆனா முதலைங்கிற பேரை மட்டும் சொல்லாதே!"

"பின்னே கொக்குன்னா சொல்லச் சொல்றீங்க?"

காரணம் கேளுங்கள். ஆண்டுதோறும் ஏரியைச் சுற்றிவந்து விலங்குகளை எண்ணி எழுதுவது அவர் கடமை. பத்தாண்டுகளாகச் சுற்றியதோ அவர் தலைக்கு மேலிருந்த மின்விசிறி மட்டும்! பழைய பக்கத்தைப் பார்த்து, 'முதலை: இல்லை' என்று எழுதி, ஆண்டை மாற்றிக் கையெழுத்திடுவார். உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் கால் போகும். தாம் எழுதியதைத் தாமே நம்பி நீரில் இறங்கினாரே, அதுவல்லவா கொடுமை!

"பெரிய பல்லின்னு சொல்லு!"

மனைவி சொன்னார், கேட்டார், கத்தினார். "வீட்டுல துடைப்பம் இல்லையான்னு கேக்குறாங்க!"

முதலை ஒரு முழம் நெருங்கியது.

"வெறிநாய்! வெறிநாய்னு சொல்லு!"

"அது நகராட்சி வேலையாம். வேற நம்பர் குடுக்குறாங்க!"

"அடச்சே! ஏதோ மரக்கட்டை வழி மறிக்குதுன்னு சொல்லு!"

"கட்டையா? அப்ப அதையே பிடிச்சிக்கிட்டு நீந்தி வந்துடச் சொல்றாங்க!"

பொறுமையிழந்த மனைவி, கணவரின் வலது காலணியை முதலையின் மீது வீசினார். அது வாயைத் திறந்தது, விழுங்கியது. மிச்சமுள்ளதைத் தேடுவதுபோல் தூணை நோக்கித் திரும்பியது. தலைமை எழுத்தரின் குதிகால் தண்ணீரைத் தொட்டது. அந்தக் கணத்தில் பத்தாண்டுப் பொய் உடைந்தது.

"முதலை! முதலைதான்! நான் பார்க்காமலே எழுதினேன்! வேலை போனா போகட்டும், யாராவது வாங்களேன்!"

நாணற்புதருக்குப் பின்னாலிருந்து ஒரு படகு பாய்ந்து வந்தது. ஏரிக் காவலாளி அவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் படகில் போட்டார். மறுநொடி, அவர் தொங்கிய இடத்தில் தாடைகள் படீரென்று மூடின.

"இதை அப்பவே கத்தியிருக்கலாமே ஐயா! பல்லி, வெறிநாய்னு காதுல விழுந்ததும், புருஷன் பொண்டாட்டி சண்டைன்னு ஒதுங்கி இருந்துட்டேன்."

எழுத்தர் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "இந்த ஒண்ணு எப்படிய்யா இங்க வந்துச்சு?"

"ஒண்ணா?" துடுப்பை நிறுத்தாமல் காவலாளி சிரித்தார். "எங்க முதலை பிடிச்சாலும், எந்த ஏரியில 'இல்லை'ன்னு எழுதியிருக்குன்னு உங்க பதிவேட்டைப் பாத்துத்தான் உங்க ஆபீஸ் வண்டி கொண்டுவந்து விடுது. பத்து வருஷமா அந்தப் பதிவேட்டுல இந்த ஏரி மட்டும்தான் காலியா இருக்கு. இது பதினாலாவது. கையைக் கொஞ்சம் உள்ள வச்சுக்குங்க!"

பெருமக்களே! இன்றே அந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுங்கள்! உங்கள் ஏரியின் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள்! அதில் 'இல்லை' என்று எழுதியிருந்தால், கட்டைவிரலைக்கூட நனைக்காதீர்கள்!