டத்தோ கூட்டக் குப்பை வேண்டும்

காலையில் பள்ளி வளாகத்தில் ஒரு மிட்டாய்த் தாள்கூட இல்லாததைப் பார்த்து ஆசிரியர் டெஸ்மண்டுக்கு வியர்த்துவிட்டது.

ஒன்பது மணிக்கு, அரசுப் பட்டம் வாங்கிய பிரமுகரான டத்தோ வருகிறார். கோத்தோங் ரோயோங் செய்து, அதாவது கையில் துடைப்பம் பிடித்து, குடியியல் வாரத்தைத் தொடக்கிவைப்பார். படம் எடுப்பார்கள். கூட்டுவதற்குக் குப்பை இருந்தால்தானே படம்?

தப்பு டெஸ்மண்டுடையதுதான். ஒழுங்காகப் பாடம் நடத்தியிருக்கிறார். வழக்கமாகக் குடியியல் பாடவேளையைக் கணிதம் விழுங்கிவிடும். டத்தோ வருகிறாரே என்று நேற்று ஒரு மணி நேரம் மனம்விட்டு நடத்திவிட்டார். பாடம் முடிந்ததும் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் தாங்களாகவே நின்று வளாகம் முழுவதையும் பெருக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். இப்படி ஒரு விபரீதம் நடக்கும் என்று யார் கண்டார்கள்?

"இப்ப டத்தோ என்னத்த கூட்டுவாரு, டெஸ்மண்ட்?" என்றார் தலைமையாசிரியை பிளோரன்ஸ். "நிகழ்ச்சி நல்லா முடிஞ்சாதான் உங்க மாற்றலுக்கு சிபாரிசு பண்ணுவேன். சொல்லிட்டேன்."

டெஸ்மண்டின் மனைவி யூஜினியாவும் கைக்குழந்தையும் புக்கிட் செந்தோசாவில் இருந்தார்கள். பள்ளியோ கோலசிலாங்கூர் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குள். விடியுமுன் கிளம்பி இருட்டிய பிறகு வீடு திரும்பும் அப்பாவை, ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிச்சத்தில் பார்த்ததும் குழந்தை யாரோ என்று வீறிட்டு அழுதது. அந்த அழுகைக்காகவே அவருக்கு மாற்றல் வேண்டும்.

சிற்றுண்டிச்சாலை அருகே இருந்த மாமரத்தை உலுக்கினார். சருகு தரையைத் தொடுவதற்குள் வகுப்புத் தலைவி லோகேஸ்வரி துடைப்பத்தோடு வந்துவிட்டாள்.

"விடும்மா, கிடக்கட்டும்."

"யாரு போட்டதுன்னு பாக்கக்கூடாது, மொதல்ல பாத்தவங்க எடுக்கணும்னு நீங்கதான சார் சொன்னீங்க?"

மோட்டார் சைக்கிளை முடுக்கிக்கொண்டு முச்சந்தியில் இருந்த கிஃபாயத்துல்லாவின் உணவகத்துக்குப் பறந்தார்.

"பாய், அவசரமா கொஞ்சம் குப்பை வேணும்."

"ரொட்டி கேக்குறாங்க, தோசை கேக்குறாங்க. குப்பை கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான் சார்."

"ஈரம் இல்லாம, நாத்தம் இல்லாம பாத்துக் குடுங்க. டத்தோ கூட்டுறது."

"டத்தோவா? அப்ப இருங்க, கழுவித் தரேன்."

பால் டின், அட்டைப் பெட்டி, பழைய நாளிதழ் என்று ஒரு சாக்கு நிறையக் கிடைத்தது. டெஸ்மண்ட் அதைத் திடலில் கோலம் போடுவதுபோல் பார்த்துப் பார்த்துப் பரப்பினார். கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், தாளெல்லாம் நீலத் தொட்டியில், டின்னெல்லாம் ஆரஞ்சுத் தொட்டியில். மறுசுழற்சியையும் நேற்று அவரே நடத்தித் தொலைத்திருந்தார்.

"எல்லாரும் கிளாஸுக்குப் போங்க. கணக்குப் போடுங்க. ஒருத்தரும் திடலுக்கு வரக்கூடாது."

பிள்ளைகளை விரட்டிவிட்டுத் தொட்டிகளைத் தாமே கவிழ்த்தார். சன்னலில் வரிசையாகத் தலைகள் தெரிந்தன. சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளைகள் அல்லவா, யாரும் திடலுக்கு வரவில்லை. நடைபாதை வழியாக அலுவலகத்துக்குப் போய், குமாஸ்தா ரமணியைப் பிடித்து, பாடத்தில் படித்த புகார் எண்ணுக்குப் போன் போடச் சொல்லிவிட்டார்கள்.

சற்று நேரத்தில் நகராண்மைக் கழக வேன் வந்து நின்றது. அமலாக்க அதிகாரி ஷாஹ்ரில் இறங்கினார்.

"ஸ்கூல் திடல்ல ஒரு ஆளு குப்பை கொட்டுறாருன்னு கம்ப்ளேன் வந்திருக்குலா. செவப்பு டை கட்டின ஆளாம்."

டெஸ்மண்ட் டையைச் சட்டைக்குள் செருகப் பார்த்தார்.

"அவருதான்" என்றாள் லோகேஸ்வரி சன்னலிலிருந்து. அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. "சாரா இருந்தாலும் சொல்லணும்னு சாரே சொல்லிக்குடுத்தாரு."

ஷாஹ்ரில் டெஸ்மண்டை மேலும் கீழும் பார்த்தார். "வாத்தியார் வேலை பாக்குற ஆளா நீங்க? எல்லாத்தையும் பொறுக்குங்க சார். இல்லன்னா சம்மன்தான்."

டெஸ்மண்ட் குனிந்து பொறுக்கினார். பாவம் பார்த்துப் பிள்ளைகளும் ஓடிவந்து கைகொடுத்தார்கள். கடைசி டின் தொட்டியில் விழவும் டத்தோவின் கார் உள்ளே நுழையவும் சரியாக இருந்தது.

திடல் துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. பிளோரன்ஸ் டெஸ்மண்டை ஒரு பார்வை பார்த்தார். அதிலேயே மாற்றல் ரத்தாகிவிட்டது. அடுத்த ஞாயிறும் மகள் தன்னைக் கண்டு அழப்போகிறாள் என்று டெஸ்மண்ட் நினைத்துக்கொண்டார்.

டத்தோ இறங்குமுன் கார் ஓட்டுநர் திவாகரன் இறங்கினார். திடலை ஒரு சுற்றுப் பார்த்தார். பின்னால் போய்க் காரின் சாமான் பெட்டியைத் திறந்து, பெரிய கறுப்புப் பை ஒன்றைத் தூக்கிவந்து டெஸ்மண்டின் கையில் கொடுத்தார்.

"கவலப்படாதீங்க சார், எந்த ஸ்கூலுக்குப் போனாலும் பிள்ளைங்க இப்படித்தான் முந்திக்கிறாங்க, அதான் நாங்களே கொண்டாந்துடுறது, போட்டோ எடுத்ததும் ஒண்ணுவிடாம பொறுக்கித் திருப்பிக் குடுத்துடுங்க, மத்தியானம் சுங்கை சோ பக்கம் இதையேதான் டத்தோ கூட்டணும்."