தலைகீழாக அடுக்கிய கடல்

பன்னிரண்டு கோடி ஆண்டுகளாக அடியில் கிடந்த கடலை இருபது நிமிடக் கூட்டத்தில் மேலே தூக்கி வைத்த பெருமை, உலகிலேயே எங்கள் நில ஆய்வு அலுவலகம் ஒன்றையே சாரும். அந்த மகத்தான நிகழ்ச்சியைக் குறிப்பேட்டில் பதிவு செய்த குமாஸ்தா அடியேன்.

மலைச்சரிவில் பள்ளிக்கூடம் கட்டலாமா என்பது கேள்வி. பாறை ஆராயும் அம்மாள் ஒருவர் எங்களிடம் உண்டு, கல்லக்கா என்போம். சரிவில் துளை போட்டு எடுத்த பாறைத் துண்டுகளைப் பெட்டிகளில் வரிசையாக அடுக்கிக் காட்டினார்.

“அடியில பாருங்க சார், கடல் சேறு இறுகின களிப்பாறை. சிப்பிகூட இருக்கு. அதுக்கு மேல ஆறு கொண்டுவந்து கொட்டின வண்டல். உச்சியில மணல்பாறை, அலை வரி அப்படியே பதிஞ்சிருக்கு. ஆறு கடலைத் தள்ளித் தள்ளி ஒரு டெல்டாவே கட்டியிருக்கு.”

“ரொம்ப சந்தோஷம். ஆறே கட்டியிருக்கு, நாம கட்டக் கூடாதா?” என்றார் அலுவலகத் தலைவர்.

“கூடாது சார். அடியில களி சாய்வா கிடக்கு. மழைத்தண்ணி இறங்கினா வழுக்கும். மேல இருக்கிறதெல்லாம் சறுக்கிடும்.”

தலைவர் கண்ணை மூடினார். ஞானம் பிறந்தது.

“களி மேல இருந்தா?”

“சுரண்டி எடுத்துட்டுக் கட்டலாம். ஆனா...”

“அப்ப பெட்டியைத் திருப்பி அடுக்குங்க.”

“பெட்டியைத் திருப்பலாம் சார். மலையை?”

“அதுக்குத் தனி கமிட்டி போடுவோம்.”

‘பூர்வகாலச் சூழல் திருத்தத் தீர்மானம்’ ஏகமனதாக நிறைவேறியது. முதலில் கை தூக்கியவன் நான். கல்லக்கா தூக்கவில்லை, ஆகவே அவர் ‘விடுப்பில்’ என்று குறித்துக்கொண்டேன்.

“தம்பி, உன் பொண்ணும் அங்கதானே படிக்கப் போறா?” என்று கேட்டார் அவர். நான் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

பள்ளி எழும்பியது. முதல் மழையும் வந்தது. “அப்பா, வகுப்புச் சுவர் விரிசல்ல என் ஸ்கேல் பாதி உள்ள போகுதுப்பா!” என்று குதித்துக்கொண்டு வந்தாள் மகள். தலைவரிடம் ஓடினேன்.

“சார், உங்க பேரனும் அங்கதானே...”

“சேர்க்கவே இல்லையேய்யா,” என்றார் அவர். “அடியில களியாச்சே!”

தலைவருக்குப் பாறையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சிலர் தூற்றுகிறார்கள். சுத்த அவதூறு. எல்லாம் தெரிந்தவர். நானும் லேசுப்பட்டவன் அல்ல. மறுநாளே மகளை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டேன்.

மற்ற முந்நூறு பிள்ளைகள் இன்றும் அங்கேதான் போகிறார்கள். அவர்களுடைய அப்பாக்கள் யாரும் எங்கள் அலுவலகத்தில் வேலை பார்க்கவில்லை.