முட்டைக் காரும் மூன்று சுற்றும்

டிப்ளமோ சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருப்பவனிடம் வீட்டு வண்டியைக் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் கழற்றிவிடுவான். கழற்றியது போதாதென்று, முன்பு இருந்ததைவிட நன்றாகப் பூட்டித் தருகிறேன் என்று வேறு கிளம்புவான். நான் கிளம்பினேன். எண்பதுகளின் கடைசியில் அருப்புக்கோட்டையில், எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில், ஒரு குட்டிக் காருக்குள் டீசல் வேனின் இன்ஜினை இறக்கியவன் நான்தான். இதைச் சொல்லும்போது நான் வெட்கப்பட வேண்டும் என்று என் மனைவி எதிர்பார்க்கிறாள். எனக்கென்னவோ பெருமையாகத்தான் இருக்கிறது.

கார் அப்பாவுடையது. அவர் டவுனில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். கல்யாண வீடுகளுக்குக் கேமராவையும் குடை விளக்கையும் ஏற்றிக்கொண்டு போவதற்காக, வெள்ளைக்காரன் காலத்து இரண்டு கதவுக் கார் ஒன்றை எங்கிருந்தோ பிடித்து வந்திருந்தார். முன்னும் பின்னும் உருண்டையாக இருக்கும். ஊரில் அதற்கு முட்டைக் கார் என்று பெயர். மல்லாங்கிணறு, திருச்சுழி என்று எந்தப் பக்கம் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளைக்கு முன்னால் முட்டைக் கார் போய் நிற்கும். ஒரு சித்திரை வெயிலில் அதன் இன்ஜின் இறுகிப் போய் அப்படியே நின்றுவிட்டது. பார்ட்ஸ் கிடைக்காது என்று எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் கையை விரித்துவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் என் தங்கை எஸ்தருக்கு வரன் அமைந்தது. திருச்சுழி தாண்டி, வீரசோழன் போகிற ரோட்டில் ஒரு கிராமம். மாப்பிள்ளை ஜெயசீலன் தன் தாய்மாமனிடம் லாரிக் கணக்கு வழக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தாய்மாமனை ஊரே லாரி மாமா என்று கூப்பிடும். நிச்சயதார்த்தப் பந்தியில் ரசம் வந்துகொண்டிருந்தபோது அவர் வாயைத் திறந்தார்.

"பொண்ண அழைச்சிட்டு வர நாங்களே காரு அனுப்பிருவோம். உங்க முட்டைக் காருதான் மூச்ச விட்டுருச்சாமே. வீட்ல மோட்டாரு படிச்ச பிள்ள இருக்காக. என்னத்தப் படிச்சாகளோ."

பந்தியே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. எச்சில் கையோடு எழுந்து நின்றார்.

"எம் பொண்ணு எங்க கார்லதான் கோயிலுக்கு வருவா. எம் மகன் ஓட்டிட்டு வருவான்."

(எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு சர்ச்சும் கோயில்தான்.) அதுவரை அப்பா நாலு பேர் முன்னால் என்னை 'எம் மகன்' என்று சொன்னதே இல்லை. 'இவன்' என்பார். வேலை கிடைக்காமல் வீட்டில் இருப்பவனுக்கு அதுவே அதிகம். அன்று அந்த ஒரு வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. செத்தாலும் அந்தக் காரை ஓட்டுவது என்று அந்த இலை முன்னாலேயே முடிவு செய்தேன்.

விருதுநகரில் ஒரு காயலாங்கடை. அங்கே, கவிழ்ந்துபோன வேன் ஒன்றின் டீசல் இன்ஜின் கிடந்தது. எஸ்தரின் தையல் டேப்பை வைத்து நீளம், அகலம், உயரம் எல்லாம் அளந்தேன். கச்சிதமாக இருந்தது. இன்ஜினை வீட்டில் கொண்டுவந்து இறக்கி நிமிர்த்தி வைத்த பிறகுதான் ஒன்று புரிந்தது. கடையில் அது ஒருக்களித்துப் படுத்திருந்தது. நான் உயரம் என்று அளந்தது அதன் அகலம்.

"அண்ணே, இது உள்ள போகாதே" என்றாள் எஸ்தர்.

"போகும். டெக்னிக்கலா போகும்" என்றேன். (அந்தக் காலத்தில் தெரியாத விஷயங்களுக்கெல்லாம் அந்த வார்த்தையைத்தான் போடுவேன்.)

வேப்பங்கிளையில் செயின் பிளாக் கட்டி இன்ஜினைத் தொங்கவிட்டு, அங்குலம் அங்குலமாக இறக்கினோம். அதைத் தாங்குவதற்கு ஆங்கிள் கம்பிகளை வெட்டி வெல்டிங் வைத்தோம். எல்லாம் பொருந்தியது, பானெட் மட்டும் மூட மறுத்தது. அதில் வட்டமாக ஓர் ஓட்டை போட்டேன். இன்ஜினின் தலை அதன் வழியாக எட்டிப் பார்த்தது. கல்யாணக் காருக்கு அது அழகில்லை என்பதால், அம்மா கறிக் குழம்பு வைக்கும் அலுமினியச் சட்டியைக் கவிழ்த்து மூடி, சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி இழுத்துக் கட்டி, காருக்கு அடித்த அதே கிரீம் கலரைச் சட்டிக்கும் அடித்தேன். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இன்ஜினின் கனத்தில் காரின் மூக்கு தரையை முகர்ந்தது. அப்பாவின் அக்கா பாக்கியம் அத்தை ஒருநாள் சும்மா பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மூக்கு தானாக மேலே எழும்பியது. அன்றே அத்தைக்குக் கல்யாணக் காரில் இடம் உறுதியானது. எதற்காக என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

முக்கியமான விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் வண்டியைச் சாவியைத் திருப்பி நிறுத்தலாம். அந்த டீசல் இன்ஜின் அப்படி நிற்காது. அதன் பம்பில் ஒரு சின்னக் கொக்கி உண்டு. அதை இழுத்தால்தான் டீசல் நின்று இன்ஜின் அடங்கும். வேனில் அதற்கென்று டிரைவர் பக்கம் ஒரு கம்பி இருந்திருக்கும். எங்கள் அவசரத்தில் அந்தக் கம்பியைக் கல்யாணம் முடிந்து மாட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் நான் ஸ்டியரிங்கில் இருந்து "நிறுத்து" என்பேன். எஸ்தர் சட்டியைத் தூக்கி, ஓட்டைக்குள் கையை விட்டு, கொக்கியை இழுப்பாள். கச்சிதமான ஏற்பாடு. கல்யாணத்தன்று அந்தக் கை வளையல் போட்டுப் பூச்செண்டு பிடித்துக்கொண்டு பின் சீட்டில் இருக்கும் என்பது மட்டும் என் டெக்னிக்கல் மூளையில் ஏறவில்லை. மற்ற பெண்களுக்குக் கல்யாணத்துக்கு முந்தின நாள் மருதாணி வைப்பார்கள். எஸ்தருக்கு அம்மா மண்ணெண்ணெய் ஊற்றி நகத்திலிருந்த கிரீஸைக் கழுவினாள்.

அந்த நாளும் வந்தது. அப்பா கேமராவோடு முதல் பஸ்ஸிலேயே போய்விட்டார். தன் மகளின் கல்யாணத்தைத் தானே எடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. காரில் நான், பக்கத்தில் அம்மா, பின்னால் எஸ்தர், எடைக்கு அத்தை.

ஓடியது பாருங்கள்! அடடா! பழைய இன்ஜினில் மேட்டைக் கண்டால் இறங்கித் தள்ளுவோம். இது மேடு வந்ததையே கவனிக்கவில்லை. கரும்புகையை விட்டுக்கொண்டு ஒரு பஸ்ஸை நாங்கள் முந்தியபோது அதிலிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அத்தை மட்டும் "ஏலே, காலு சுடுதுடா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். சைலன்சர் குழாயை அவர் காலுக்கடியில்தான் கொண்டுபோயிருந்தேன். பிரேக் ஆயில் போகும் குழாயும் அதையொட்டியே போனது. அத்தைக்குத் தெரிந்த சூடு எனக்குத் தெரியவில்லை.

திருச்சுழியைத் தாண்டியதும் ரேடியேட்டர் கொதித்தது. பெரிய இன்ஜினுக்குக் குட்டிக் காரின் ரேடியேட்டர். கொதிக்காமல் என்ன செய்யும்? ஒரு கண்மாய்க்கரை ஊரின் அடிபம்புக்குப் பக்கத்தில் ஓரம் கட்டினேன். கண்மாய் காய்ந்து வெடித்துக் கிடந்தது. அடிபம்பைச் சுற்றிக் குடங்கள் வரிசையாக இருந்தன. எஸ்தரே இறங்கினாள். வெள்ளைப் பட்டோடு வந்து சட்டியைத் தூக்கி, இன்ஜினை நிறுத்திவிட்டு, குடங்களுக்குப் பக்கத்தில் நின்ற பெண்களிடம் போனாள்.

"அக்கா, ஒரு கொடம் தண்ணி வேணும். காருக்கு."

"குடிக்கவே இல்லங்கோம், காருக்கா ஆத்தா கேக்குற?" என்றார் ஒருவர்.

"கோயில்ல எல்லாரும் காத்திருக்காக அக்கா. இன்னைக்கு எனக்குக் கல்யாணம்."

அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தார். "பொண்ணே எறங்கி வந்து கேக்குது. இல்லன்னு சொன்னா வெளங்குமா? எடுங்கடி கொடத்த."

அந்த வறண்ட நாளில் அவர்கள் கொடுத்த தண்ணீரை என்னால் மறக்க முடியாது. கொதி அடங்க அடங்க, பக்குவமாக ஊற்றினோம். ஆனால் திரும்பக் கிளம்பும்போது கிளச் கம்பி அறுந்தது. (அது சைக்கிள் பிரேக் கம்பி. வேறு கிடைக்கவில்லை.) இரண்டாவது கியரிலேயே போட்டு வைத்தேன். தண்ணீர் கொடுத்த அதே பெண்கள் கரை இறக்கத்தில் காரைத் தள்ளிவிட்டார்கள். இன்ஜின் பிடித்துக்கொண்டது. இனி ஒரே கியரில் கோயில் வாசல்வரை போய்விடலாம். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

கோயில் தெரிந்தது. வாசலில் அங்கியோடு போதகர், பக்கத்தில் கோட்டு சூட்டில் மாப்பிள்ளை, மீசையைத் தடவிக்கொண்டு லாரி மாமா, கேமராவோடு அப்பா. முட்டைக் காரைப் பார்த்ததும் அப்பாவின் முகம் மலர்ந்ததை இன்றைக்கும் மறக்கவில்லை. உள்ளே பாடகர் குழு பெண் வரவேற்புப் பாட்டைத் தொடங்கியது. நான் கம்பீரமாகப் பிரேக்கை மிதித்தேன்.

பெடல் பஞ்சுபோல உள்ளே போனது. பிரேக் ஆயில் கொதித்துப் போயிருந்தது. சாவியைத் திருப்பினேன். இன்ஜின் அதைக் கண்டுகொள்ளவில்லை. நியூட்ரலுக்கு இழுத்தேன், கியர் கம்பி வெல்டிங் விட்டு என் கையோடு வந்துவிட்டது. ஹேண்ட் பிரேக்கோ, பெரிய கியர் பாக்ஸுக்கு இடம் விடுவதற்காகக் கழற்றிய நாளிலிருந்து வீட்டுப் பரணில் இருந்தது. நேரே கூட்டம். வேறு வழியில்லாமல் ஸ்டியரிங்கை ஒடித்துக் கோயிலின் பக்கவாட்டில் இறங்கினேன்.

ஒரு சுற்று சுற்றி வாசலுக்கு வந்தோம். கோயில் மணி அடித்தது, பாட்டு மறுபடி தொடங்கியது, நாங்கள் கடந்து போனோம். பாட்டு நின்றது.

"ஏலே, எங்கடா போற? கோயிலு இந்தப் பக்கம்!" என்று அப்பா கத்தினார்.

இரண்டாவது சுற்றில் போதகர் கையை நீட்டி, "தம்பி, நம்மள்ல வலம் வர்ற வழக்கம் இல்லப்பா!" என்றார். நான் கியர் கம்பியை ஜன்னல் வழியே தூக்கிக் காட்டினேன். அதை அவர் வணக்கம் என்று எடுத்துக்கொண்டு பதிலுக்குக் கையை உயர்த்தினார். அத்தை கண்ணை மூடி சத்தமாக ஜெபம் செய்துகொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. முன்னால் இருந்த சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது சுற்றில்தான் எஸ்தர் முன்பக்கம் எக்கி, அம்மாவைத் தாண்டி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். நிச்சயத்தன்றுகூட அவளும் மாப்பிள்ளையும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் பேசக் கூடாது என்பது எங்கள் வீட்டு ஒழுக்கம். அந்த ஒழுக்கம் அங்கே போயிற்று.

"ஏங்க! சட்டியத் தூக்குங்க!"

மாப்பிள்ளை திகைத்தார்.

"முன்னாடி இருக்க சட்டிங்க! தூக்கிட்டு உள்ள கைய விடுங்க! பம்புல ஒரு கொக்கி இருக்கும், அத இழுங்க!"

லாரி வீட்டுப் பிள்ளை. பம்பு என்று காதில் விழுந்ததும் ஆளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கோட்டோடு காருக்குப் பக்கத்திலேயே ஓடி வந்தார். டியூபை அறுத்து, சட்டியைப் பிடுங்கி எறிந்து, கையை உள்ளே விட்டு இழுத்தார். இன்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது. கியரில் இருந்த கார் கோயில் வாசலுக்கு நேராக, அளந்து வைத்த மாதிரி நின்றது. சட்டி உருண்டு போய்ப் போதகர் காலடியில் விழுந்தது.

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். அப்பாவின் பேச்சை ஊர் சிரிக்கும்படி செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். எஸ்தர் இறங்கினாள். மாப்பிள்ளை கையில் கரி. அவள் பட்டு முந்தியாலேயே துடைத்துவிட்டாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

லாரி மாமா காரைச் சுற்றி வந்தார். குனிந்து ஓட்டைக்குள் பார்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார்.

"ஏலே மாப்ள, வேன் இன்ஜினா இது?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமா மாமா."

"இதப் போயி இதுக்குள்ள வச்சு, அருப்புக்கோட்டையில இருந்து ஓட்டியாந்துருக்க?"

"ஆமா மாமா."

அவர் அப்பாவிடம் திரும்பினார். "மச்சான், நிறுத்தத்தான் தெரியல. ஆனா ஓட வச்சுட்டான்யா உங்க மகன்."

அப்பா என்னைப் பார்த்தார். "எம் மகன் ஓட்டிட்டு வருவான்னுதான் சொன்னேன். நிறுத்துவான்னு சொன்னேனா?" என்றார். அந்த மாதமே லாரி மாமா தன் பழைய காரை டீசலுக்கு மாற்றச் சொல்லி என்னிடம் கொண்டுவந்து விட்டார். அதிலிருந்து ஆரம்பித்ததுதான் இன்றைக்கு நான் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப். நிறுத்தும் கம்பியைத்தான் எந்த வண்டியிலும் முதலில் மாட்டுவேன். எஸ்தரின் கல்யாண ஆல்பத்தில் மணப்பெண் வருகை என்று மூன்று படங்கள் உண்டு. மூன்றிலும் கலங்கலாக ஒரு கார் போய்க்கொண்டிருக்கும்.

போன வருஷம் எஸ்தரின் மகளுக்கு அதே கோயிலில் கல்யாணம். சத்தமே இல்லாத புதுக் கார், தொட்டால் நிற்கும் பிரேக். டிரைவர் நேரே வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். வாசலில் நின்ற பெண்கள் பதறிப்போனார்கள்.

"ஐயையோ தம்பி, மூணு சுத்து சுத்தாமப் பொண்ண எறக்கக் கூடாது. இந்தக் கோயில் முறை அது."

டிரைவர் விழித்தார். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த இளம் போதகர் முன்னால் வந்து, விருந்தினர்களுக்கு விளக்கம் சொன்னார்: பிதாவுக்கு ஒன்று, குமாரனுக்கு ஒன்று, பரிசுத்த ஆவிக்கு ஒன்று, இந்தச் சபையின் முன்னோர்கள் விசுவாசத்தோடு ஏற்படுத்திய அழகான வழக்கம் என்றார். எல்லாரும் பக்தியோடு தலையாட்டினார்கள். முன்னோர்களில் ஒருவனான நானும் ஆட்டினேன். நெஞ்சு நிமிர்ந்துதான் நின்றேன்.

கார் சுற்றக் கிளம்பியது. மூன்றாவது சுற்று வரும்போது, நரைத்த தலையோடு பக்கத்தில் நின்றிருந்த ஜெயசீலன் மாப்பிள்ளை எஸ்தரின் காதருகே குனிந்தார்.

"சட்டியத் தூக்கட்டுமா?"