தலைத் தீபாவளியும் பாட் ஆட்ஸும்

கணக்கு தெரிந்தவனை ஏமாற்றுவது கஷ்டம். அவனுக்கு நல்லது செய்வது அதைவிடக் கஷ்டம். சாட்சி, அடியேன்.

பெண் வீட்டிலிருந்து ஒரு குண்டூசிகூட வாங்க மாட்டேன் என்று கல்யாணத்தில் மைக் இல்லாத குறையாக அறிவித்திருந்தேன். (மாப்பிள்ளை முறுக்கு கேட்பதில் மட்டுமில்லை, வேண்டாம் என்பதிலும் உண்டு.) விளைவு, என் மனைவி சங்கரி மேற்கு மாம்பலத்திலிருந்து அடையாறு ஆபீசுக்கு பஸ் மாறி பஸ் நசுங்கிப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

தலைத் தீபாவளி மதியம். தி.நகரில் மாமனார் வீட்டுக் கூடத்தில் சீட்டாட்டம். மாமனார் திருநெல்வேலிக்காரர், ஜவுளிக்கடை வைத்திருப்பவர், ரம்மியில் புலி. போனில் வீடியோ பார்த்துக் கற்ற போக்கரை அவருக்கு நான்தான் பெருந்தன்மையாகச் சொல்லிக்கொடுத்தேன். பந்தயம் முந்திரிப்பருப்பு. கூடவே 'பாட் ஆட்ஸ்' பிரசங்கம்: நடுவில் குவிந்திருப்பது எவ்வளவு, நாம் போட வேண்டியது எவ்வளவு, ஜெயிக்க வாய்ப்பு எவ்வளவு. கட்டுப்படியாகாவிட்டால் சீட்டைக் கீழே வைத்துவிட வேண்டும். மாமனார் பவ்யமாகத் தலையாட்டினார்.

ஓர் ஆட்டத்தில் எனக்கு ஏஸோடு சேர்த்து நாலு ஆர்ட்டின் சேர்ந்தது. இன்னொன்று வந்தால் ஒரே ஜாதியில் ஐந்து, நான்தான் ராஜா. நடுவில் திருப்ப ஒரே ஒரு சீட்டுதான் பாக்கி. மாமனார் தன் முந்திரி முழுவதையும் நடுவில் தள்ளி, சட்டைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து அதன்மேல் வைத்தார். கடைக்கு வாங்கிய புது ஸ்கூட்டராம்.

"சும்மாதான் நிக்கி மாப்ள. ஜெயிச்சா எடுத்துக்கிடுங்க."

சங்கரி என்னையே பார்த்தாள். நான் கண்ணை மூடிக் கணக்குப் போட்டேன். வாய்ப்பு ஐந்தில் ஒன்றுதான். அவர் தள்ளிய அளவுக்கு நானும் தள்ளினால் கட்டாது. ஒரு ஸ்கூட்டருக்கு எத்தனை முந்திரி என்று எந்த வீடியோவிலும் சொல்லவில்லை, அதனால் சேர்க்கவில்லை. தவிர, ஸ்கூட்டரையே வைக்கிறார் என்றால் கையில் ஏதோ பெரிதாக இருக்கிறது. சீட்டைக் கீழே வைத்தேன். உணர்ச்சிவசப்பட்டு ஆடக்கூடாது மாமா என்று அறிவுரை வேறு.

மாமனார் தன் சீட்டைத் திருப்பிப் போட்டார். ஒரு ஜோடிகூட இல்லை. என் ஏஸ் ஒன்றே போதும், அவர் மண்ணைக் கவ்வியிருப்பார்.

"தோத்துக் குடுக்கலாம்னு பாத்தா, அதுக்கும் விடமாட்டேங்கியளே மாப்ள" என்றார்.

முதல் ஆட்டத்திலிருந்தே அவர் வேண்டுமென்றேதான் தோற்றுக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. (நான் அதை என் திறமை என்று நினைத்திருந்தேன்.) காதெல்லாம் சுட்டது.

சங்கரி நான் வைத்த சீட்டை எடுத்துக்கொண்டாள். "அவர் விட்டா விடட்டும்ப்பா. நான் ஆடுறேன்."

ஈடாக முந்திரியைத் தள்ளிவிட்டுக் கடைசிச் சீட்டைத் திருப்பினாள். ஆர்ட்டின் வரவில்லை. ஏஸ் போதுமாக இருந்தது. சாவியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

எதிராளி நமக்காகத் தோற்கத் தயாராக உட்கார்ந்திருந்தால் பாட் ஆட்ஸைத் தூக்கிப் பரணில் போட வேண்டும். எனக்கு அதைச் சொல்லித்தர ஒரு வீடியோவும் இல்லை, மாமனார்தான் இருந்தார். என் வறட்டு ஜம்பத்துக்கு வலிக்காமல் கொடுக்க, ஒரே மதியத்தில் ஒரு புது ஆட்டத்தையே கற்றுக்கொண்ட மனுஷன். அந்த நன்றி எனக்கு இந்த ஜென்மத்தில் தீராது.

இன்றும் சங்கரி ஓட்டுகிறாள், நான் பின்னால் உட்கார்ந்து போகிறேன். மாமனார் வீட்டுப் பந்தியில், மரியாதைக்குப் போதும் என்று நான் இலையை மறைத்தால் போதும், வரிசை முழுக்க ஒரே குரலில் சொல்லும்: "சீட்டைக் கீழ வைக்காதீங்க மாப்ள."

கையை எடுத்துவிடுகிறேன்.